ஃபோர்க் தண்டில் ஒரு கோடு

முப்பத்தொரு வருடம் நான் செய்த வேலை விரிசல் தேடுவது. கப்பல் பட்டறையில் வெல்டிங் முடிந்த இடங்கள், கிரேன் கொக்கிகள், பளு தூக்கும் வளையங்கள், எதைக் கொண்டுவந்து வைத்தாலும் கண்ணுக்குத் தப்பும் கீறல் அதில் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. நீங்களும் அந்த வேலைக்குத்தான் வந்திருக்கிறீர்கள். எப்படிச் சோதிப்பது என்பதை உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்துவிட்டார்கள். சிவப்புத் திரவத்தை அடித்து, துடைத்து, வெள்ளைப் பொடியை அடித்து, பத்து நிமிடம் காத்திருந்தால் விரிசல் இருக்குமிடத்தில் சிவப்பு கசிந்து கோடாக எழும். நாம் அதை 'டை அடிப்பது' என்கிறோம். அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்லப்போவது பட்டறையில் நடந்ததுகூட இல்லை. ஆங் மோ கியோ குடியிருப்புப் பேட்டையில், என் வீட்டுச் சமையலறையில் தொடங்கியது.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஒரு சீன இன்ஸ்பெக்டர் இருந்தார். அவருடைய தம்பி அதே பட்டறையில் வெல்டர். நல்ல கை. அந்தத் தம்பி போட்ட வெல்டு எதையும் அண்ணன் சோதிக்க மாட்டார். பட்டியலில் அந்த எண்ணைப் பார்த்ததும் தாளை என்னிடம் தள்ளிவிடுவார். யாராவது குறை சொல்வார்கள் என்று பயப்படுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். ஒரு நாள் கேட்டும்விட்டேன். "சண்டைக்காரன் வெல்டைக்கூட நான் பார்ப்பேன். இவன் வெல்டு எனக்குப் பிடிக்கும். அதனால் பார்க்க மாட்டேன்" என்றார். எனக்கு அன்று அது விளங்கவில்லை. விளங்காமலேயே ஏறக்குறைய முப்பது வருடம் வேலை பார்த்தேன்.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் இருக்கும்போது எங்கள் அடுக்குமாடி புளோக்கில் மூன்றாம் மாடியில் ஒரு முதியவர் இறந்துபோனார். வாடகை வீட்டின் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவர் மகள் சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்தார். நடைபாதைச் சுவரில் வருடக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பழைய சைக்கிளின் சட்டமும் ஃபோர்க்கும் குப்பைக்குப் போக இருந்தன. ஃபோர்க் என்பது முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் கவைபோலப் பிடித்திருக்கும் பாகம். அதன் மேல்தண்டு சட்டத்துக்குள் நுழைந்து கைப்பிடியோடு சேரும். நான் விரலால் அழுக்கைத் தேய்த்துப் பார்த்தேன். கீழே குரோமியம் கண்ணாடியாக மின்னியது. இங்கிலாந்தில் செய்தது, என் வயதுக்குக் கொஞ்சம்தான் குறைவு. "எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் அந்த மகள்.

அடுத்த ஏழு மாதம் எங்கள் வீட்டுச் சமையலறையில் என் மனைவி பத்மாவுக்குப் பாதி, எனக்குப் பாதி. துணி காயப்போடும் மூங்கில் கழியில் சக்கர வளையம் தொங்கும். அரிசி டின்மேல் பெடல் இருக்கும். அந்தக் காலத்துப் பாகங்கள் எளிதில் கிடைக்காது. பிரேக்குக்கு ஓர் இடம், தோல் இருக்கைக்கு ஓர் இடம் என்று அலைந்தேன். சிலதை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். ஃபோர்க்கை மட்டும் மூன்று வாரம் தேய்த்திருப்பேன். பத்மா பார்த்துவிட்டு, "என் கல்யாணப் பாத்திரத்தக்கூட யாரும் இப்படித் தேச்சதில்ல" என்றாள்.

கடைசியாக வர வேண்டியிருந்த பாகம் ஒரு சனிக்கிழமை மதியம் வந்தது. மறுநாள் காலை ஓட்டிவிடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஃபோர்க்கைச் சட்டத்துக்குள் நுழைப்பதற்கு முன் வழக்கம்போலப் படம் எடுத்தேன். ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வேலையிட வாட்ஸாப் குழுவில் போடுவது எனக்குப் பழக்கமாகியிருந்தது. அப்போதுதான் அதைப் பார்த்தேன். தண்டின் அடிப்பகுதியில், பேரிங் உட்காரும் இடத்துக்கு மேலே, தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. தண்டைச் சுற்றிக் கால்வாசி தூரம் போயிருந்தது.

நான் விளக்கைக் கிட்டே கொண்டுவந்தேன். கட்டைவிரல் நகத்தால் குறுக்கே இழுத்துப் பார்த்தேன். நகம் தட்டவில்லை. தண்டைக் கடைந்தபோது கருவி விட்ட தடம், டூல் மார்க், என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நகத்தில் தட்டாத விரிசல் உண்டு என்பது நமக்கெல்லாம் முதல் மாதத்திலேயே தெரியும். நகத்தில் தட்டாதவற்றுக்காகத்தான் அந்தச் சிவப்புத் திரவமே இருக்கிறது. திங்கட்கிழமை பட்டறைக்கு எடுத்துப்போயிருந்தால் இருபது நிமிட வேலை. ஆனால் திங்கட்கிழமை என்பது ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வருவது. கிரீஸை அள்ளிப் பூசினேன். கோடு மறைந்தது. ஃபோர்க்கை உள்ளே நுழைத்து முடுக்கினேன்.

ஞாயிறு காலை ஓட்டினேன். அதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இப்போது மனம் வரவில்லை. ஆனால் சொல்லாவிட்டால் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பது உங்களுக்குப் புரியாது. ஐம்பத்தொன்பது வயதில், நானே கோத்த சக்கரங்களின்மேல், ஆற்றோரப் பாதையில் சத்தமே இல்லாமல் போனேன். நான் வேலையில் செய்ததெல்லாம் மற்றவர்கள் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பதுதான். நானாக ஒரு பொருளை உண்டாக்கியது அதுவே முதல் முறை.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டின்போது எல்லாரும் படங்களைப் பார்த்தார்கள். எங்கள் குழுவில் ஷர்மிளா என்று ஒருத்தி. பன்னிரண்டு வருட அனுபவம், என்னைவிடக் கூர்மையான கண். அவள் ஒரு படத்தை விரலால் பெரிதாக்கினாள்.

"அண்ணே, இது என்ன கோடு?"

"டூல் மார்க்."

"டை அடிச்சுப் பாத்தீங்களா?"

"சைக்கிளுக்கா?" என்றேன்.

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள், "சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள்.

அந்தக் கேள்வியைப் பட்டறையில் வேறு எதைப் பற்றிக் கேட்டிருந்தாலும் நான் எழுந்து போய்ச் சோதித்திருப்பேன். அது எனக்கு இன்றும் நிச்சயம்.

ஐந்து மாதம் அந்தச் சைக்கிளை ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு சாகுலும் வருவான். சாகுல் என் பள்ளித் தோழன். வீடு செங்காங்கில். லிட்டில் இந்தியாவில் மசாலா அரைக்கும் ஒரு கடையில் முப்பது வருடமாக வறுக்கும் இடத்தில் நிற்பவன். மல்லி, சீரகம், சோம்பு, மிளகாய் எல்லாம் பெரிய சட்டியில் சுழலும். எப்போது இறக்குவது என்று சொல்வது அவன் வேலை. கடிகாரம் பார்க்க மாட்டான். மூக்கைக் கொஞ்சம் தூக்குவான், "போதும்" என்பான், அவ்வளவுதான். மல்லி எந்த ஊரிலிருந்து வந்தது, மூட்டை மழையில் நனைந்ததா என்பதுவரை சொல்லுவான். அவன் வறுத்த மீன்குழம்புத் தூளுக்காக எல்லை தாண்டி ஜோகூரிலிருந்து ஆட்கள் வருவார்கள்.

அவனிடம் ஒரு மடக்கு சைக்கிள் இருந்தது. என் சைக்கிளைப் பார்த்துக்கொண்டே பின்னால் வருவான். ஒருமுறைகூட ஓட்டக் கேட்டதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான்தான், "ஓட்டிப் பாருடா" என்று இறங்கிக் கொடுத்தேன். என் தலைக்கவசம் அவனுக்குச் சரியாக இருந்தது, அதையும் கொடுத்தேன். அவனுடைய மடக்கு சைக்கிளில் நான் பின்னால் போனேன்.

"பட்டு மாதிரி போவுதுடா" என்று திரும்பாமலே கத்தினான்.

விரைவுச்சாலைக்கு அடியில் பாதை சரிந்து இறங்கும் ஓர் இடம் இருக்கிறது. கீழே ஒருவர் நாயோடு குறுக்கே வந்தார். சாகுல் பிரேக்கைப் பிடித்தான். பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. 'டக்' என்று ஒன்று. முன்சக்கரம் ஃபோர்க்கோடு தனியாகக் கழன்று முன்னால் போனது. சட்டத்தின் முன்பகுதி தரையில் குத்தியது. அவன் கைகளை ஊன்ற நேரமே இருக்கவில்லை. முகம்தான் முதலில் பட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது எழுந்து உட்காரப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயெல்லாம் ரத்தம். ஓடிக்கொண்டிருந்த ஒரு மலாய்ப் பெண் ஆம்புலன்சை அழைத்துவிட்டுத் தன் துண்டைக் கொடுத்தார். நான் அதை அவன் நெற்றியில் அழுத்திப் பிடித்தேன்.

"ரெண்டு பிரேக்கையும் சேத்துப் புடிச்சிட்டேன்டா" என்றான். "உன் சைக்கிள ஒடச்சிட்டேன்."

"பேசாத. ஒண்ணும் இல்ல."

அப்படிச் சொல்லிக்கொண்டே நான் கழன்று கிடந்த ஃபோர்க்கைப் பார்த்தேன். உடைந்த முகம், அதாவது இரும்பு முறிந்த பரப்பு, என் பக்கம் திரும்பியிருந்தது. நீங்கள் படித்திருப்பீர்கள். ஒரே நொடியில் உடைந்த இரும்பு முழுவதும் வெள்ளியாக இருக்கும். இது பாதி கறுப்பு, பாதி வெள்ளி. கறுப்பு பல வருடத்துத் துரு. அந்தப் பாதி எப்போதோ உடைந்துவிட்டது. மிச்சப் பாதிதான் என்னையும் அன்று சாகுலையும் தாங்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. கோடு இருந்த இடம்தான். எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அடுத்து நான் செய்ததை இதுவரை பத்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எழுந்து போய், வழியில் கிடக்கிறது என்பதுபோல அந்தச் சக்கரத்தை ஓரமாக எடுத்து வைத்தேன். உடைந்த முகம் புல்லின் பக்கம் இருக்குமாறு வைத்தேன்.

மருத்துவமனையில் சாகுலின் மனைவி நூர்ஜஹான் வந்தார். என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்.

"வேகமா போனாராண்ணன்?"

"சரிவுல கொஞ்சம் வேகந்தான்" என்றேன்.

அது பொய் இல்லை. ஒரு பொய்கூட எழுதாமல் பொய்யான ஒரு ரிப்போர்ட் எழுத முடியும். அன்றுதான் நான் முதல்முறையாக அப்படி ஒன்று கொடுத்தேன்.

தாடை உடைந்திருந்தது. இரண்டு பற்கள் போயின. மண்டைக்குள் கொஞ்சம் ரத்தக் கசிவு. தலைக்கவசம் இல்லாவிட்டால் உயிரோடு இருந்திருக்க மாட்டான் என்றார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் மூன்று வாரம் ஓட்டினேன். கவசத்தை நான்தானே கொடுத்தேன். விபத்தன்று வீட்டுக்கு வந்ததுமே என் கைபேசியிலிருந்து கோடு தெரிந்த அந்தப் படத்தையும் அழித்துவிட்டேன்.

தாடைக் கம்பியைத் தளர்த்திய பிறகுதான் மற்றது தெரிந்தது. நூர்ஜஹான் மீன்குழம்பை மசித்து ஊட்டியிருக்கிறார். உப்பு தெரிகிறது, புளிப்பு தெரிகிறது, வேறு ஒன்றும் தெரியவில்லை என்றிருக்கிறான். சளி பிடித்திருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். மறுபடி மருத்துவமனைக்குப் போனார்கள். மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் நூலிழைபோல மெல்லியவை, அடிபட்ட அதிர்ச்சியில் அறுந்திருக்கும், சிலருக்குத் திரும்ப வரும், பலருக்கு வராது, ஒரு வருடம் பார்க்கலாம் என்றார் டாக்டர். நூர்ஜஹான் போனில் இதைச் சொன்னபோது நான் விபத்து நடந்த இடத்திலிருந்து எடுத்துவந்த ஃபோர்க்கைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன்.

மூன்றாவது மாதம் சாகுல் வேலைக்குத் திரும்பினான். யாரிடமும் சொல்லவில்லை. முப்பது வருடப் பழக்கத்தில் நிறத்தைப் பார்த்தே சமாளித்துவிடலாம் என்று நினைத்தான். இரண்டாம் நாள் ஒரு சட்டி மல்லி முழுவதும் தீய்ந்துபோனது. முன்னால் கல்லாவில் இருந்தவர்கள் இருமிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்கள். அவன் சட்டிக்குப் பக்கத்தில் நின்று எப்போது இறக்கலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தானாம். முதலாளி நல்ல மனிதர். வேலையை விட்டு அனுப்பவில்லை. பொட்டலம் கட்டும் இடத்துக்கு மாற்றினார்.

அன்று மாலை நான் பார்க்கப் போனேன். "என் தப்புதான்டா" என்றான். "அந்த மாதிரி சைக்கிள்ல பிரேக்க அப்படிப் புடிக்கக் கூடாது. முன்ன பின்ன ஓட்டினவன்னா தெரிஞ்சிருக்கும். நாயப் பாத்ததும் பதறிட்டேன்." இதையே வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நூர்ஜஹான் என்னைத் தனியே கூப்பிட்டு, "தூக்கத்துலகூட கைய அப்படிச் சுருட்டிக்கிறாருண்ணன்" என்று காட்டினார். பிரேக் பிடிப்பதுபோல.

அப்போதும் நான் சொல்லவில்லை.

ஷர்மிளா விபத்தைப் பற்றி என்னிடம் ஒன்றுமே கேட்டதில்லை. அந்த மாதம் ஒரு பளு தூக்கும் சட்டத்தின் ரிப்போர்ட்டை அவளிடம் நீட்டினேன். எங்கள் இடத்தில் ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் இரண்டு கையெழுத்து. என்னுடையதற்கு இரண்டாவது பெரும்பாலும் அவளுடையது. அவள் தாளைத் தொடவில்லை.

"அண்ணே, உங்க ஃப்ரெண்டு விழுந்த சைக்கிள். ஃபோர்க் எங்க ஒடஞ்சிச்சு?"

நான் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"குரூப்ல போட்ட ஃபோட்டோ இன்னும் என் போன்ல இருக்கு."

"என்ன செய்யணும்ங்கற?"

"நான் ஒண்ணும் சொல்லல. அவர்கிட்ட சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். ஆனா நீங்க சொல்ற வரைக்கும் உங்க பேருக்குக் கீழ நான் சைன் பண்ண மாட்டேன்."

"இந்தச் சட்டத்துல ஒரு குறையும் இல்ல ஷர்மி. நீயே டெஸ்ட் பண்ணிப் பாரு."

"இருக்காது. ஆனா இருந்திருந்தா சொல்லியிருப்பீங்களான்னு எனக்கு இப்பத் தெரியல. எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு அண்ணே." அவள் எழுந்து போய்விட்டாள்.

அன்று எனக்கு வந்தது கோபம்தான். என் சொந்த விஷயத்துக்கும் என் வேலைக்கும் என்ன சம்பந்தம், மேலிடத்தில் சொல்லி வேறு ஆளிடம் கையெழுத்து வாங்கலாம் என்றெல்லாம் யோசித்தேன். வாங்கியிருக்கலாம்தான், கேட்டால் போட நாலு பேர் இருந்தார்கள். வீட்டுக்கு வந்து பத்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நான் எதிர்பார்த்த எதையும் சொல்லவில்லை. "அஞ்சு மாசம் நீங்கதானே அதுல போனீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்து வாசலில் வைத்தாள்.

சனிக்கிழமை மதியம் செங்காங் போனேன். சாகுல் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். சமையலறைச் சுவரில் கேஸ் கசிந்தால் கத்தும் ஒரு புதிய அலாரத்தை அவன் மகன் மாட்டியிருந்தான். பொட்டலத்தைப் பிரித்து உடைந்த முகத்தை அவனிடம் காட்டினேன். கறுப்பு எது, வெள்ளி எது, எது பழையது, எது அன்றைக்கு உடைந்தது என்று சொன்னேன்.

அவன் வெகுநேரம் பார்த்தான். "அப்ப நான் பிரேக்க தப்பாப் புடிக்கல" என்றான்.

"இல்ல."

"தப்பே இல்ல?"

"இல்லடா. அன்னிக்கு இல்லன்னா அடுத்த வாரம் போயிருக்கும்."

"அடுத்த வாரம் நீ ஓட்டியிருப்ப."

"ஆமா."

அவன் அதை மடியில் வைத்துக்கொண்டான். "இது உள்ள இருக்கற எடம். வெளிய தெரியாது. உனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும், விடு லா" என்றான்.

அந்த இடத்தில் நான் எழுந்து வந்திருக்கலாம். அவனே ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தான்.

"மாட்டறதுக்கு முன்னாடி பாத்தேன்டா" என்றேன். "கோடு தெரிஞ்சிச்சு. டூல் மார்க்னு நெனச்சேன். டெஸ்ட் பண்ணல. ஆபீஸ்ல ஒருத்தி கேட்டா, அப்பவும் பண்ணல."

சாகுல் ஃபோர்க்கை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தான். பிறகு, "நான் மல்லி தீயற வாசன வந்தும் எறக்காம நின்னதே இல்லடா. முப்பது வருஷத்துல ஒரு நாள்கூட" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு சரியா என்று பார்ப்பவனைப் போலச் சொன்னான். "நீ போ."

வாசலில் நூர்ஜஹான் நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"மூணு மாசமா தன்னத்தானே திட்டிக்கிட்டுக் கெடந்தாரு. அப்பல்லாம் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"ஆமா."

"இப்ப யாருக்காகச் சொன்னீங்க? அவருக்காகவா, உங்களுக்காகவா?"

இன்றுவரை அதற்கு ஒரு நேர்மையான பதில் என்னிடம் இல்லை. ஷர்மிளா கையெழுத்துப் போட மறுத்திருக்காவிட்டால் சாகுல் வீட்டுப் படியை நான் ஏறியிருப்பேனா என்பதே எனக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் மனம் லேசாகும் என்பார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை. அவனுக்கும் ஆனதாகத் தெரியவில்லை. கையைச் சுருட்டுவது மட்டும் நின்றுவிட்டதாகப் பிறகு பத்மா மூலம் கேள்விப்பட்டேன். அது ஒன்றாவது நடந்தது.

திங்கட்கிழமை ஷர்மிளாவிடம், "சொல்லிட்டேன்" என்றேன். அவள் மேசையில் கிடந்த ரிப்போர்ட்டை எடுத்து, முதலில் சட்டத்தைத் தானே போய் ஒரு மணி நேரம் சோதித்துவிட்டு வந்து, கையெழுத்துப் போட்டாள். அதன் பிறகு நான் ஓய்வு பெறும்வரை என் ரிப்போர்ட் ஒவ்வொன்றுக்கும் அப்படித்தான் செய்தாள். முன்பெல்லாம் என் பெயரைப் பார்த்தாலே போட்டுவிடுவாள். அந்த நம்பிக்கை திரும்ப வரவில்லை. வரக் கூடாது என்றும் நான் இப்போது நினைக்கிறேன். நீங்களும் யார் பெயரையும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஓய்வுக்குக் கொஞ்சம் முன்னால் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டால் நான் திருந்தி ஒரு கப்பலைக் காப்பாற்றினேன் என்று எதிர்பார்ப்பீர்கள். அப்படி இல்லை. மறுநாள் காலை கிளம்ப வேண்டிய ஒரு கப்பலில், உயிர்காப்புப் படகைத் தூக்கி இறக்கும் இரும்புக் கையில் ஒரு கோடு பார்த்தேன். தலைமுடி அளவு. டூல் மார்க் என்றுதான் எனக்கே தோன்றியது. பத்துக்கு ஒன்பது பங்கு நிச்சயம். கழற்ற வேண்டும், டை அடிக்க வேண்டும் என்றேன். திட்ட மேலாளர் என் முகத்துக்கு நேரே கத்தினார். அவருடைய மேலாளர் போனில் கத்தினார். ஓய்வு பெறப் போகிற கிழவனுக்குப் பயம் என்று யாரோ பின்னால் சொன்னது காதில் விழுந்தது. கழற்றினார்கள், டை அடித்தோம். பத்து நிமிடம். இருபது நிமிடம். வெள்ளைப் பொடி வெள்ளையாகவே இருந்தது. டூல் மார்க்தான். கப்பல் ஒரு நாள் தாமதமாகப் போனது. என்னிடம் ஒரு மாதம் யாரும் சரியாகப் பேசவில்லை.

நான் அன்று தவறாகச் சந்தேகப்பட்டேன். மறுபடி அதே கோட்டைப் பார்த்தால் மறுபடியும் கழற்றச் சொல்வேன். உங்களுக்கும் இப்படி நடக்கும், பலமுறை நடக்கும். ஒவ்வொரு முறையும் முட்டாளாகத்தான் நிற்பீர்கள். யாரும் வந்து தட்டிக்கொடுக்க மாட்டார்கள்.

சைக்கிள் ஓட்டுவதை நான் விடவில்லை. இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். சட்டத்தை ஒரு வருடம் தொடவில்லை. பிறகு அதே காலத்து வேறொரு ஃபோர்க் தேடினேன். கிடைத்த முதல் இரண்டும் தேறவில்லை, இரண்டிலும் சிவப்பு எழுந்தது. மூன்றாவதை ஷர்மிளா சோதித்துக் கொடுத்தாள். நான் அருகில் நிற்கவில்லை. அந்தச் சீன இன்ஸ்பெக்டர் தாளை ஏன் தள்ளினார் என்று அப்போது தெரிந்தது. காலையில் தனியாகத்தான் போகிறேன். சரிவு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன்.

போன மாதம் சாகுலிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'வியாழன் நாலு மணி, கடைக்குப் பக்கத்துல டீ.' அவ்வளவுதான். இரண்டரை வருடத்துக்குப் பிறகு. எம்ஆர்டி ரயிலில் போனேன், சைக்கிளில் போகத் துணியவில்லை. லிட்டில் இந்தியாவில் அவன் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு டீக்கடை. வெளியே போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். புதுப் பற்கள் பேச்சைக் கொஞ்சம் மாற்றியிருந்தன. மோப்பம் திரும்பவில்லை என்றான். டாக்டரும் இனி வராது என்று சொல்லிவிட்டாராம். சில நாள் எதுவும் இல்லாமலேயே தீய்ந்த நாற்றம் மட்டும் வருமாம். எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பானாம், அடுப்பு அணைந்திருக்குமாம்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரலடா" என்றான். "அப்படி ஒண்ணும் எனக்குத் தோணல."

"சரிடா."

"நீ அன்னிக்கு சொல்லலன்னா என்னையேதான் நான் திட்டிக்கிட்டிருப்பேன், மவுத்தாவற வரைக்கும். அதுவும் இருக்கு."

டீ வந்தது. அவன் கோப்பையை எடுத்து மூக்குக்குக் கீழே கொண்டுபோனான், பழக்கம்தான், பிறகு கீழே வைத்தான்.

"ஏலக்காய் போட்டிருக்கானா பாரு."

நான் என் கோப்பையை எடுத்து முகர்ந்தேன். இஞ்சி தெரிந்தது. பட்டை இருந்ததுபோல இருந்தது. ஏலக்காய் இருக்கும் என்றுதான் நினைத்தேன். இந்தக் கடையில் எப்போதும் போடுவார்கள். மறுபடி முகர்ந்தேன்.

"தெரியலடா. இரு" என்று எழுந்தேன். உள்ளே போய் டீ போடுபவரிடம் கேட்டேன். காலையிலேயே தீர்ந்துவிட்டது, இன்று போடவில்லை என்றார். வெளியே வந்து சாகுலிடம் சொன்னேன்.

அவன் தலையாட்டிவிட்டுக் கோப்பையை எடுத்துக் குடித்தான்.